மடைப்பெட்டியோடு விழுந்தவன்

உதயரூபன் என்ற பேரை நான் முதன்முதல் கேட்டது என் தங்கச்சி வீட்டுக் குசினியில். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். மகள் யசோதினிக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது என்று சொன்னாள். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்.

“பொடியன்ட பேர் உதயரூபனாம்” என்றாள்.

பேரை வைத்து என்ன செய்வது. “ஆருட வயித்துப் பிள்ளை?” என்று கேட்டேன்.

“பழுகாமத்து இராசாத்திட மகன்.”

திருவலையில் என் கை நின்றுவிட்டது. “அப்ப வல்லிபுரத்திட மருமகன்” என்றேன்.

“அந்த மனுசன் செத்து எத்தின வருசம் கா. அவர ஏன் இப்ப இழுக்கிறாய்?”

“தாய்மாமன் எப்பிடியோ அப்பிடித்தான் மருமகனும். வயித்து வழியா வாறது மாறாது.”

“அப்பிடியெண்டா நம்மட அம்மாட வாய் ஒனக்கு மட்டும் எப்பிடி வந்த? எனக்கு வரல்லயே” என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் மனதுக்குள் வல்லிபுரத்தை நான் விடவில்லை.

வல்லிபுரத்தை நான் கலியாணமாகாத குமர்ப்பிள்ளையாக இருந்த காலத்திலேயே எனக்குத் தெரியும். பழுகாமத்தில் எங்கள் சின்னம்மா வீட்டுக்குப் பக்கத்து வளவு. தோணியில் நின்று வலை எறிந்தால் வலை வட்டமாக விரிந்து தண்ணீரில் படுக்கும். பிறகு நெஞ்சு வருத்தம், சயரோகம், வந்து நாலைந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வந்ததிலிருந்து நடை கெட்டுப்போனது. பொழுது பட்டால் வேலியைப் பிடித்துப் பிடித்துப் போவான். ஊரே அவனைக் குடிகாரன், வெறிகாரன் என்றது. ஒருநாள் அந்தியில் தோணியிலிருந்து விழுந்து, இடுப்பளவு தண்ணீரில் செத்துப்போனான். ஆற்றில் பிறந்து ஆற்றில் வளர்ந்தவன் இடுப்பளவு தண்ணீரில் சாவதென்றால் அளவுக்கு மிஞ்சிய வெறியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் பேசினார்கள். நானும் பேசினேன்.

கலியாணம் நடந்தது. எங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண்தான் வந்து இருப்பான். உதயரூபன் ஒரு துணிப்பையோடும் ஒரு வீச்சு வலையோடும் வந்தான். தங்கச்சி இரண்டு வருடத்தில் செத்துப்போனாள். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. புருசனும் போய்விட்டார். அதே வளவில் ஒரு அறையில் நான் இருந்தேன். ஆகவே யசோதினிக்குத் தாயும் நான், அவனுக்கு மாமியும் நான். அந்த வீட்டில் என் சொல் நின்றது.

அவனைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு இருபது வருடமாக ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விடிய எழும்பித் தோணிக்குப் போவான். மீனைக் கொடுத்துவிட்டு வந்து கிணற்றடியில் குளித்து, மகள் மேனுகாவைப் பள்ளிக்கூடத்தில் விடுவான். சாராயம் அவன் வாயில் பட்டதில்லை. கலியாண வீடுகளில் ஆம்பிளைகள் வளவுக்குப் பின்னால் ஒதுங்கும்போது இவன் குசினிப் பக்கம் வந்து, “மாமி, தேத்தண்ணி இருக்கா?” என்று கேட்பான். “மருமகனுக்குப் பால் போத்தல் வச்சிருக்கன்” என்று நான் பகிடி பண்ணுவேன்.

கொரோனா வந்ததற்கு அடுத்த வருடம் அவன் காலில் கெளுத்தி முள் ஏறியது. சின்னக் காயம் என்று விட்டான். கால் வீங்கிக் கறுத்தது. ஆஸ்பத்திரியில் இருபது நாளுக்கு மேல் வைத்து ஊசி போட்டார்கள். காலை எடுக்க வேண்டி வரும் என்று முதலில் சொன்னவர்கள், எடுக்காமலே அனுப்பினார்கள். நாங்கள் அம்மனுக்குப் பொங்கினோம்.

அதற்குப் பிறகுதான் அவன் நடை மாறியது. காலில் இன்னும் நோவு இருக்கு என்று நினைத்தோம். பொழுதுபட்டால் சுவரைத் தடவிப் போவான். குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றக் கண்ணை மூடினால் கிணற்றுக்கட்டைப் பிடிப்பான். தோணியில் நின்று வலை எறிந்தவன், இருந்துகொண்டு எறியத் தொடங்கினான். “மகாராசா ஆசனத்தில இருந்து வலை வீசுறார், மீன் வந்து கும்பிடுமாம்” என்று துறையடியில் கேலி செய்தார்கள். எனக்கு மட்டும் பழைய வேலி ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. வல்லிபுரம் பிடித்துப் போன வேலி.

அடுத்த வைகாசியில் அம்மன் கோயில் சடங்கு. அம்மனைக் குளிரவைக்கிற குளிர்த்தி நாளில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மடைப்பெட்டி போகும். ஓலைப்பெட்டியில் பச்சரிசி, வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் வைத்து வெள்ளைத் துணியால் மூடி, அந்த வீட்டு ஆம்பிளை தலையில் வைத்துச் சுமந்து போவான். விரதம் இருந்துதான் சுமக்கலாம். அன்று பின்னேரம் அவன் குசினி வாசலுக்கு வந்தான்.

“மாமி, இந்த முறை வேற ஆரும் எடுக்கட்டுமே. எனக்குக் கால் சரியில்ல.”

“வேற ஆர் மனே? இந்த வீட்டில ஒன்ன விட்டா ஆம்பிள ஆரு?”

“விழுந்திருவனோ எண்டு பயமா இருக்கு.”

“அம்மன நினைச்சிட்டு நட. அவள் தாங்குவாள்.”

அவனுக்கு அன்று நான்தான் கையால் பாலும் பழமும் கொடுத்தேன். வேறு ஒன்றும் அவன் வாயில் படவில்லை. பெட்டியைத் தலையில் தூக்கி வைத்ததும் நான்தான். அவன் மூச்சு என் முகத்தில் பட்டது. பால்தான் மணந்தது.

கோயிலுக்குப் போகிற பாதை குருமணல். அதற்கு மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். பெட்டி சுமப்பவர்கள் அந்தத் துணியில்தான் கால் வைக்க வேண்டும். பொழுது பட்டுக்கொண்டிருந்தது. குரவை போட்டுக்கொண்டு பெண்கள் நாங்கள் பின்னால் போனோம். கோயில் வாசலுக்குப் பத்துப் பாகம் தூரம் இருக்கும்போது சாம்பிராணிப் புகை அவன் முகத்தில் அடித்தது. கண்ணை மூடினான். அப்படியே வலது பக்கம் சாய்ந்தான். கையை நீட்டவும் இல்லை. பெட்டி போய்ச் சனத்துக்குள் விழுந்தது. பச்சரிசி மணலில் கொட்டியது.

குரவை நின்றது. பறையும் நின்றது.

கோயில் வண்ணக்கர் வினாயகமூர்த்தி வந்தார். வண்ணக்கர் என்றால் கோயில் நிர்வாகத்தைப் பார்ப்பவர். விழுந்து கிடந்தவனைப் பார்த்தார். அவனிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்.

“புஸ்பம் அக்கா, மருமகன் குடிச்சவனா?”

அந்த ஒரு நிமிசத்தில் எனக்குள் ஓடியதை நான் மறைக்கப் போவதில்லை. அவன் குடிக்கவில்லை என்று சொன்னால், பிறகு ஏன் விழுந்தான்? விரதம் இருந்தவன், அம்மன் வாசலில், கல் தடுக்காமல், ஒருவரும் தள்ளாமல் விழுந்தான் என்றால் அம்மன் அந்த வீட்டுப் பெட்டியை வேண்டாம் என்று தள்ளிவிட்டாள் என்றுதான் ஊர் சொல்லும். அந்தப் பழி வீட்டுக்கு. வீடு யசோதினியின் வீடு. அவளுக்குப் பிறகு மேனுகாவின் வீடு. குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டை அம்மன் தள்ளினாள் என்று பேர் வந்தால் எவன் வாசல் மிதிப்பான்? குடித்தான் என்றால் பழி அவனோடு போய்விடும். அவன் வந்தவன்தானே.

“ஓம்” என்றேன். “அது அவன்ட தாய்மாமன் வழி.”

அவன் மணலில் இருந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தான். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை.

அன்றைக்கே யசோதினி அவனுடைய துணிப்பையை முற்றத்தில் வைத்துவிட்டாள். “அம்மன்ட சந்நிதிக்கு வெறியில போனவனோட ஒரு கூரைக்குக் கீழ இருக்கமாட்டன்” என்றாள். நான் பக்கத்தில் நின்றேன். இரண்டு நாள் போனால் கோபம் ஆறும், நானே சேர்த்து வைப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் இரண்டு கிழமையானது. அவன் பேரை எடுத்தாலே யசோதினி எழும்பிப் போவாள். நான் வாயை மூடிக்கொண்டேன். நாள் போகப் போகப் பொய்யைத் திருப்பி எடுப்பது கஷ்டமாகிவிட்டது.

எங்கள் ஊரில் கட்டின மனுசி வெளியே போ என்றால் ஆம்பிளைக்குப் போக்கிடம் தாய் வீடு. இராசாத்தி செத்துவிட்டாள். அவள் வீடு மகளுக்குச் சீதனமாகப் போய்விட்டது. அங்கே மச்சான்காரன் இருக்கிறான். ஆகவே உதயரூபன் ஆற்றங்கரையில் வலை வைக்கிற வாடியில் போய் இருந்தான். நாலு கம்பு, ஒரு ஓலைக் கூரை, லைற் இல்லை. தனியே தோணிக்குப் போய், இருந்து வலை எறிந்து, தனியே வந்தான். ஊரில் பெரியவர்கள் அவனை வல்லிபுரம் என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். அந்தப் பேரை எடுத்துக் கொடுத்தது நான்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. தகப்பனை விடாதவள் மேனுகா மட்டும்தான். வாடிக்குச் சோறு கொண்டுபோவாள். ஒருநாள் வந்து, “அம்மம்மா, அப்பா பகலில, மெத்து மணலில விழுறார். நான் கிட்ட நிண்டன். வெறி இல்ல. டவுனில ஒரு டொக்டர் இப்பிடி விழுறவங்களப் பாக்கிறாவாம். நான் கூட்டிட்டுப் போறன், நீங்களும் வாங்க” என்றாள்.

“நான் என்னத்துக்கு புள்ள?”

“அவங்கட ஆக்களப் பத்திக் கேப்பாங்க. ஒங்களுக்குத்தானே எல்லாற்ற பரம்பரையும் தெரியும்.”

போனேன். பஸ்ஸில் அவன் எனக்கு முன் சீற்றில் இருந்தான். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவ்வளவு கிட்டத்தில் அவனை அன்றுதான் பார்த்தேன். பிடரி மயிர் நரைத்திருந்தது.

டொக்டரின் பேர் இர்ஷானா. சின்னப் பிள்ளை மாதிரி இருந்தா. மனுசர் எப்படி நிற்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறாவாம். நோயாளியும் வேணும், நோயில்லாத ஆளும் வேணுமாம், இரண்டையும் ஒப்புப் பார்க்க. “நீங்க விழுறல்லதானே அம்மா? நீங்களும் நிண்டு காட்டுவீங்களா?” என்று கேட்டா. ஒரு கடதாசியை முழுக்க வாசித்து, வேண்டாம் என்றால் எந்த நேரமும் நிறுத்தலாம் என்று சொன்னா. நான் எழுத்துக் கூட்டி என் பேரை எழுதினேன்.

காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில், இரண்டு பக்கமும் ஈரமான சின்னத் துண்டு ஒன்றை ஒட்டினா. அதிலிருந்து வயர் ஒரு பெட்டிக்குப் போனது. பெட்டி கைபோன் அளவு, பற்றரியில் வேலை செய்வது. தரையில் வைத்த பலகை மாதிரி ஒரு தட்டில் ஏறி, காலைச் சேர்த்து, கையைக் கட்டி, கண்ணை மூடி நிற்கச் சொன்னா. விழுந்தால் பிடிக்கப் பின்னால் ஒரு நர்ஸ் மிஸ்ஸி நின்றா.

“கொஞ்சம் எறும்பு ஊருற மாதிரி இருக்கும். பயப்படாதீங்க.”

எறும்புதான் ஊர்ந்தது. பிறகு தரை இடது பக்கம் சரிந்தது. அப்படித்தான் எனக்கு இருந்தது. நான் அசையவில்லை என்று சத்தியம் பண்ணுவேன். ஆனால் என் உடம்பு தானாக வலது பக்கம் சாய்ந்தது. மிஸ்ஸி தோளைப் பிடித்தா. டொக்டர் பெட்டியில் எதையோ மாற்றினா. இப்போது இடது பக்கம் சாய்ந்தேன்.

மேனுகா சிரித்துவிட்டாள். “அம்மம்மா, எத்தின போத்தல்?”

அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். எழுபத்தெட்டு வயதுவரைக்கும் ஒரு சொட்டும் குடியாதவள், பட்டப்பகலில் நாலு பேருக்கு முன்னால் வெறிகாரி மாதிரி சாய்ந்து நின்றேன்.

டொக்டர் சொன்னா, “காது கேக்கிறதுக்கு மட்டும் இல்லம்மா. அதுக்குள்ள மேசன்மார்ட ரசமட்டம் மாதிரி ஒண்டு இருக்கு. தலை எந்தப் பக்கம் சாயுது எண்டு உடம்புக்கு அதுதான் சொல்லுற. நாங்க விட்ட கரண்ட் அதில பொய் சொல்லுது. இடப்பக்கம் விழுறன் எண்டு உடம்பு நம்பி, வலப்பக்கம் சாயுது.”

பிறகு அவனை ஏற்றினா. அதே துண்டு, அதே பெட்டி. கண்ணை மூடிக் கையைக் கட்டி நின்றான். கொஞ்சம் ஆடினான், மேனுகா ஆடுகிற அளவுக்கு மேல் இல்லை. டொக்டர் கரண்டை விட்டா. அவன் சாயவில்லை. மாற்றி விட்டா. அதற்கும் சாயவில்லை. நாங்கள் நிற்பதைக் கோடாகக் காட்டுகிற கொம்பியூட்டரில், எனக்குச் சரிந்து போன கோடு அவனுக்கு அசையவே இல்லை.

“அப்ப நல்லம்தானே?” என்று நான் கேட்டேன்.

“இல்லம்மா. இவர்ட ரசமட்டம் ரெண்டு பக்கமும் செத்திட்டு. அதான் பொய் சொன்னாலும் கேக்க அங்க ஆள் இல்ல. கண்ணாலயும் உள்ளங்காலாலயும்தான் மனுசன் நிக்கிறார்.”

தட்டில் தடித்த ஸ்பொஞ்சு மெத்தை ஒன்றை வைத்து, அதில் ஏறி நிற்கச் சொன்னா. கண் திறந்திருக்கும்வரை நின்றான். மூடச் சொன்னா. இரண்டு எண்ணுவதற்குள் வலது பக்கம் அப்படியே விழுந்தான். கையை நீட்டவும் இல்லை. மிஸ்ஸியும் மேனுகாவும் சேர்ந்து பிடித்தார்கள்.

எனக்கு மணலும் வெள்ளைத் துணியும் தெரிந்தன. மெத்து மணல், படுகிற பொழுது, மூடின கண். அன்றைக்கு அவனை நடக்கச் சொன்னது நான். பெட்டியைத் தலையில் வைத்தது நான்.

டொக்டர் அவன் ஆஸ்பத்திரிக் கொப்பியைப் புரட்டினா. காலுக்குப் போட்ட ஊசியின் பேரைப் பார்த்தா. “இந்த ஊசி கால காப்பாத்தியிருக்கு. ஆனா சில பேருக்கு உள்காத எடுத்திரும். சில குடும்பத்தில தாய் வழியா இந்தப் பலவீனம் வாறதும் உண்டு, ரத்தம் பாக்காமச் சொல்ல ஏலாது. அம்மா, இவர்ட தாய்ப் பக்கத்தில ஆரும் இப்பிடித் தள்ளாடினவங்க இருக்காங்களா? ஊசி போட்ட பொறகு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான்.

“ஒரு ஆள் இருந்த” என்றேன். “வல்லிபுரம் எண்டு. நெஞ்சு வருத்தத்துக்கு மாசக்கணக்கா ஊசி போட்டாங்க. வந்து வேலியப் பிடிச்சி நடந்தார். நாங்க வெறி எண்டம்.”

“போத்தலோட கண்டீங்களா?”

யோசித்தேன். எந்த வருடம் யார் யாரைக் கட்டினார்கள், எந்தப் பிள்ளைக்கு எந்த நாளில் காது குத்தினார்கள் என்பதெல்லாம் எனக்கு ஞாபகம். வல்லிபுரத்தின் கையில் ஒரு போத்தலை நான் கண்ட ஞாபகம் ஒன்றுகூட இல்லை.

“காணல்ல” என்றேன். “இடுப்பளவு தண்ணியில செத்தார்.”

டொக்டர் கொப்பியை மூடினா. “தண்ணிக்குள்ள முழுகினா இப்பிடியான ஆக்களுக்கு மேல எது கீழ எது எண்டு தெரியாதும்மா. மேல வாறம் எண்டு நினைச்சி அடிப்பக்கம் நீந்துவாங்க.” பிறகு மேனுகாவிடம் சொன்னா, “அப்பாவத் தனியத் தண்ணிக்கு விடாதீங்க. இருட்டில இருக்கவும் விடாதீங்க. பயிற்சி சொல்லித் தாறன். இந்தக் கரண்ட் பாக்கிறதுக்குத்தான், மருந்து இல்ல. வீட்டில வெளிச்சம் இருக்கட்டும், பிடிக்கக் கம்பி போடுங்க. வீட்டில ஆரெல்லாம் இருக்கிற?”

மேனுகா குனிந்துகொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் எனக்குப் பக்கத்தில் இருந்தான். கல்லாறு பஸ், சனம் குறைவு.

“நான் குடிக்கல்ல எண்டு ஒங்களுக்கு அண்டைக்கே தெரியும்தானே மாமி.”

“தெரியும் மனே.”

“எனக்குத்தான் ஐமிச்சமா இருந்த. மாமி சொன்னா சரியாத்தான் இருக்கும், ஆரும் தேத்தண்ணிக்குள்ள கலந்து தந்திட்டாங்களோ, நான்தான் குடிச்சிட்டு மறந்திட்டனோ எண்டு கனநாள் யோசிச்சன்.” வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். “இல்லயெண்டு இண்டைக்குத்தான் எனக்கே தெரிஞ்ச.”

திட்டியிருந்தால் நல்லது. அவன் திட்டவில்லை. எங்கள் ஊர் குருக்கள்மடத்தில் இறங்கும்போது, படி உயரம் என்று என் கையைப் பிடித்தான். அவன் என்னைப் பிடித்தானா, விழாமல் இருக்க என்னைப் பிடித்துக்கொண்டானா, தெரியவில்லை.

அடுத்த வெள்ளி, சடங்குக்கு முந்தின கூட்டம் கோயிலில். இந்த வருடம் எந்த வீட்டுப் பெட்டியை யார் சுமப்பது என்று வினாயகமூர்த்தி வாசித்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் யசோதினி பூக் கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் வைத்து அவளுக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் பொய்யை நான் வீட்டில் வைத்துச் சொல்லவில்லை.

எழும்பி நின்றேன். “வண்ணக்கர், ரெண்டு வருசத்துக்கு முந்தி நீங்க என்னட்ட ஒண்டு கேட்டீங்க. நான் சொன்ன பதில் பொய்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “நான் என்னத்தக் கேட்ட அக்கா?”

அவர் மறந்தே போயிருந்தார். ஒரு மனுசன் வீட்டை விட்டுப் போன கேள்வி அவருக்கு ஞாபகத்தில் இல்லை.

“உதயரூபன் குடிச்சவனா எண்டு கேட்டீங்க. குடிக்கல்ல. பால் குடுத்தது நான். கால் ஏலாது எண்டவனப் பெட்டி எடுக்க வச்சதும் நான். அம்மன் எங்கட வீட்டத் தள்ளிட்டாள் எண்டு பேச்சு வரும் எண்டு பயந்து அவன்ட தலையில போட்டன்.” காதைப் பற்றி, ஊசியைப் பற்றி, எனக்கு விளங்கின அளவுக்குச் சொன்னேன். வல்லிபுரத்தைப் பற்றியும் சொன்னேன்.

பின்னாலிருந்து ஒரு கிழவன், “இந்த வயசில புஸ்பத்துக்குக் கரண்ட் புடிச்சிட்டாம்” என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

யசோதினி பூவைக் கீழே வைத்தாள். என் கிட்ட வந்தாள். “அண்டைக்கு நான் பையத் தூக்கி வெளிய வைக்கக்குள்ள நீங்க எனக்குப் பக்கத்திலதான் நிண்டீங்க பெரியம்மா.”

“ஓம் புள்ள.”

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு கோயிலிலிருந்து நேரே ஆற்றங்கரைக்கு நடந்தாள். அங்கே நடந்ததை மேனுகாதான் எனக்குச் சொன்னாள். யசோதினி வாடி வாசலில் நின்று, “வாங்க” என்றாளாம். அவன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே, “வளவு இருட்டுத்தானே, நான் எப்பிடி நடக்கிற?” என்று கேட்டானாம். “லைற் போடுறன்” என்றாளாம். அவன் இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் வந்தான்.

கிணற்றடியிலிருந்து கக்கூஸ் வரைக்கும் இப்போது கம்பி போட்டிருக்கிறது. முற்றத்து லைற் விடியும்வரைக்கும் எரியும். யசோதினி எனக்குச் சோறு வைப்பாள். பேசுவதில்லை. நானும் பேச்சை எதிர்பார்க்கவில்லை. அம்மனுக்கு முன்னால் சொன்னதை அம்மனுக்கு முன்னாலேயே திருப்பி எடுத்தேன். வல்லிபுரத்திடம் எங்கே போய்த் திருப்பி எடுப்பது என்றுதான் தெரியவில்லை. அவனுக்குப் பிள்ளைகளும் இல்லை.

உதயரூபன் யசோதினியின் வீட்டில் இருக்கிறான். தோணியை விற்றுவிட்டான். பகலில் மாமரத்துக்குக் கீழ் கதிரை போட்டு, ஊராருக்கு வலை பொத்திக் கொடுக்கிறான்.